பிசாவிலிருந்து வந்த மூட்டை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது என்று வீட்டில் ஒரே காவல். நேற்றுதான் கண்ணாடி வந்தது. முதல் வேலையாக உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினது மாதிரிதான் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

பேத்தி பிறந்த சேதி சந்தோஷம். பெயரை எழுத மறந்துவிட்டாய். இதுதான் தாத்தா லட்சணம்.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு கல்லை விட்டெறிந்திருக்கிறாய். தொழிற்சாலையே இல்லாத ஆப்பிரிக்க நாடுகளில் மார்க்சியம் பேசினார்களே, அங்கே பாட்டாளி வர்க்கம் எங்கே இருந்தது, தேசியத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியதுதானே என்று. படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு மூட்டையைப் பார்த்தேன், கோபம் போய் யோசனை வந்தது.

தங்கை மகன் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கிற ஷெட், நடத்துகிறான். போன மாதம் அங்கே போயிருந்தேன். முற்றத்தில் அடுக்கியிருந்த சாக்குகளில் கினி-பிசாவ் என்று அச்சடித்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சின்ன நாடு, முன்னாள் போர்த்துக்கீசியக் காலனி. தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி லாரியில் வந்த பச்சை முந்திரிக் கொட்டை. "உள்ளூர்க் கொட்டையை நம்பினா ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் மாமா. ஆப்பிரிக்கச் சரக்குலதான் ஓடுது" என்றான். எனக்கு அந்த நாட்டின் பெயரோடு சேர்ந்து வருகிற பெயர் ஒன்றுதான். நாகர்கோவில் அறைச் சுவரில் நீ ஒட்டி வைத்திருந்தாயே, பின்னல் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர். அமில்கார் கப்ரால், அந்த நாட்டு விடுதலைப் போராட்டத்தை நடத்தியவர். படத்தை ஒட்டினோமே தவிர ஆளை ஒழுங்காகப் படிக்கவில்லை. இந்த மூன்று வாரம் மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவர் வேளாண் பொறியாளர் என்பதே எனக்கு மறந்திருந்தது. 1924-இல் கினியின் பாஃபட்டாவில் பிறந்து (கினி என்று நான் எழுதுவதெல்லாம் இந்தக் கினி-பிசாவ்தான்), பெற்றோரின் ஊரான கேப் வெர்டே தீவுகளில் வளர்ந்தவர். அதுவும் போர்த்துக்கீசியக் காலனிதான். 1940-களில் அங்கே மழை பொய்த்துப் பல்லாயிரம் பேர் பட்டினியில் செத்தார்கள். லிஸ்பனில் படித்துவிட்டு, 1950-களின் தொடக்கத்தில் போர்த்துக்கீசிய அரசுச் சம்பளத்திலேயே கினிக்கு வந்து விவசாயக் கணக்கெடுப்பு நடத்தினார். எந்த ஊரில் யார் நிலம் வைத்திருக்கிறார்கள், என்ன விதைக்கிறார்கள், விளைச்சல் யாருக்குப் போகிறது என்று கிராமம் கிராமமாக நடந்து எழுதினார். காலனி அரசு கணக்கெடுக்கக் கூலி கொடுத்தது. கணக்கு அவருக்குள் தங்கிவிட்டது.

உன் கேள்விக்கு வருகிறேன். 1956-இல் கினிக்கும் கேப் வெர்டேக்கும் சேர்த்து விடுதலை கேட்கும் பி.ஏ.ஐ.ஜி.சி. கட்சியைக் கப்ராலும் தோழர்களும் தொடங்கியபோது அவர்களும் உன்னை மாதிரிதான் யோசித்தார்கள். புத்தகப்படி நகரத்துத் தொழிலாளிகளைத் தேடிப் போனார்கள். தலைநகர் பிசாவில் இருந்ததெல்லாம் துறைமுகக் கூலிகள், படகோட்டிகள், கொஞ்சம் குமாஸ்தாக்கள். 1959 ஆகஸ்ட் 3-இல் அங்கே பிஜிகிட்டி துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டதில் ஐம்பது பேர் அளவில் செத்தார்கள். அதற்கப்புறம்தான் கட்சி நகரத்தை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பியது.

கிராமத்தில் போய் எதைப் பேசுவது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உழுபவனுக்கே நிலம் என்றால் அங்கே யாருக்கும் புரியாது. நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட வெள்ளைக் குடியேறிகள் கினியில் இல்லை. நிலம் ஊர்க்காரர்களிடமே இருந்தது. சுரண்டல் வரி வழியாகவும் நிலக்கடலை விலை வழியாகவும் வந்தது. வரியைக் காசாகக் கட்ட வேண்டும், காசுக்குக் கடலை போட வேண்டும், கடலையைக் கம்பெனி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். அதனால் கப்ராலின் ஆட்கள் காலனியம், ஏகாதிபத்தியம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கடலை என்ன விலைக்குப் போகிறது என்று தொடங்கினார்கள். ரோடு போட உன்னை இழுத்துப் போனார்களே, மண்வெட்டி யாருடையது? உன்னுடையது. சோறு? அதுவும் உன் வீட்டுச் சோறு. அந்த ரோட்டில் கார் ஓட்டுகிறவன் யார்? நாம் ஆறு மாதம் லெனின் சொன்ன ஏகாதிபத்தியத்தின் ஐந்து அம்சங்களை மனப்பாடம் செய்ததற்கு இந்த நாலு கேள்வி போதுமாயிருந்திருக்கும்.

விவசாயி என்று மொத்தமாகவும் அவர் பேசவில்லை. பாலான்டா மக்களுக்குத் தலைவர்களே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அவர்கள் சீக்கிரம் போராட்டத்துக்கு வந்தார்கள். ஃபூலா மக்களிடம் பிரபு, கைவினைஞர், விவசாயி என்று படிக்கட்டு இருந்தது, பிரபுக்கள் போர்த்துக்கீசியரோடு ஒட்டிக்கொண்டார்கள். அங்கே வேலை கடினமாகிவிட்டது. நகரத்தில் அவருக்கு மிகவும் உதவியவர்கள் யார் தெரியுமா? கிராமத்திலிருந்து புதிதாக வந்து மாமா, சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரிந்து, வேலை இல்லாமல் சுற்றிய இளவட்டங்கள். வெள்ளைக்காரன் வாழ்வதையும் தன் ஊர் வாழ்வதையும் ஒரே நாளில் பார்க்கிற கண் அவர்களுக்கு இருந்தது.

1966-இல் கியூபாவில் நடந்த ஹவானா மாநாட்டில் அவர் கேட்டதைத்தான் உனக்கு நேர்ப் பதிலாக வைக்கிறேன். வர்க்கப் போராட்டத்தோடுதான் வரலாறு தொடங்குகிறது என்றால், வர்க்கம் பிரியாத சமூகங்களுக்கு வரலாறே இல்லையா? ஏகாதிபத்தியம் வந்து தொட்ட பிறகுதான் இவர்கள் வரலாற்றுக்குள் நுழைந்தார்களா? அப்படி இல்லை, உற்பத்தி சக்திகளின் நிலைதான், அதாவது மக்களின் உழைப்பும் கருவிகளும் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்பதுதான் ஆதாரம், அடிமை நாடு இழந்தது தன் வரலாற்றைத் தானே நடத்தும் உரிமையை என்றார். இதைச் சாயம் பூசுவது என்று எப்படிச் சொல்வாய்? மார்க்சையே மண்ணில் ஊன்றி, பிடிக்கிறதா என்று பார்த்த வேலை இது.

போர்த்துக்கல் பற்றி அவர் சொன்னதும் கூர்மையானது. பிரிட்டனும் பிரான்சும் கொடியை இறக்கிவிட்டுப் பணத்தை வைத்து ஆளலாம். போர்த்துக்கல்லிடம் அந்த முதலே கிடையாது. கொடியை இறக்கினால் கடையையும் மூட வேண்டும், அதனால்தான் இவ்வளவு வெறியோடு சண்டை போடுகிறது, நேட்டோ ஆயுதத்தோடு. போர்த்துக்கல் இருநூறு வருஷமாக பிரிட்டனின் நிழலில் கிடக்கிற நாடு என்று லெனினும் எழுதியிருக்கிறார். அடிக்கோடு போட்டவன் நீதான், அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

1963 ஜனவரியில் டீட்டே என்ற ஊரில் இருந்த போர்த்துக்கீசிய ராணுவ முகாம் மீது தாக்குதலோடு ஆயுதப் போர் தொடங்கியது. அடுத்த வருஷமே சொந்தத் தளபதிகள் சிலர் மீட்ட ஊர்களில் குட்டி ராஜாக்களாக ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கசாக்கா என்ற இடத்தில் மாநாடு கூட்டி அவர்களை விசாரித்துத் தண்டித்தார்கள். மீட்ட பகுதிகளில் மக்கள் கடைகள் திறந்து, அரிசிக்குத் துணியும் கருவிகளும் மாற்றிக் கொடுத்தார்கள். மக்கள் யார் மண்டையிலோ இருக்கிற கருத்துக்காகப் போராடவில்லை, நல்ல வாழ்க்கைக்காகப் போராடுகிறார்கள் என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1972-இல் கானாவின் முன்னாள் ஜனாதிபதி நிக்ருமா இறந்தபோது, பக்கத்து நாடான இன்னொரு கினியின் தலைநகர் கொனாக்ரியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், அவரைக் கொன்றது உடம்பில் வந்த புற்றுநோய் இல்லை, துரோகம் என்ற புற்றுநோய் என்று பேசினார். எட்டு மாதம் கழித்து, 1973 ஜனவரி 20 இரவு, அதே ஊரில் தன் வீட்டு முன்னாலேயே சுடப்பட்டார். சுட்டவர்கள் அவர் கட்சிக்காரர்கள். போர்த்துக்கீசிய உளவுத்துறையின் கை பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் கேப் வெர்டேக்காரன், கினிக்காரன் என்ற புகைச்சல் இல்லாமல் அந்தக் கை உள்ளே நுழைந்திருக்காது. செப்டம்பர் 24-இல் விடுதலைப் பிரகடனம். அடுத்த ஏப்ரலில், காலனிப் போர்களில் சலித்த ராணுவ அதிகாரிகளே லிஸ்பனில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். ஆப்பிரிக்கா போர்த்துக்கல்லுக்கும் விடுதலை வாங்கித் தந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அதற்கப்புறம் எழுதக் கை வரவில்லை. முதல் ஜனாதிபதி அவர் தம்பி லூயிஸ். 1980-இல் கவிழ்ப்பு, கேப் வெர்டேயோடு இருந்த உறவு முறிந்தது. பிறகும் கவிழ்ப்புகள், உள்நாட்டுப் போர். படித்த நடுத்தர வர்க்கம் வர்க்கத் தற்கொலை செய்து கொண்டு, அதாவது தன் வர்க்க வசதிகளையும் ஆசைகளையும் விட்டுவிட்டு, மக்களோடு கலக்க வேண்டும், இல்லாவிட்டால் புரட்சியைக் காட்டிக் கொடுக்கும் என்றார் கப்ரால். பிசாவில் அது நடக்கவில்லை. நம்மிடமும்தான். நீயும் நானும் சங்கத்தில் கோஷம் போட்டோம், மாதம் முதல் தேதி ஓய்வூதியம் வாங்குகிறோம்.

இப்போது அந்த நாட்டு ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு முந்திரி. கடலை போய் முந்திரி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பெரும்பாலும் உடைக்காத கொட்டையாகவே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது. விவசாயிகள் பலர் கொட்டையைக் கொடுத்து இறக்குமதி அரிசி வாங்குகிறார்கள். நெல் விளைகிற நாட்டில். விலை வேறெங்கோ முடிவாகிறது.

அன்றைக்கு ஷெட்டில் ஒரு வயதான அம்மா, உடைத்துக்கொண்டிருந்தவர், கையில் சாம்பல் பூசியபடி நாங்கள் அந்த நாட்டுச் சரக்கைப் பற்றிப் பேசியதைக் கேட்டார். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது, எங்கள் அம்மாவின் கை மாதிரியே. "அங்க உள்ளவங்க கையும் இப்பிடி வெந்து போகுமா?" என்றார். அங்கே பெரும்பாலும் உடைப்பதில்லை, அப்படியே அனுப்பிவிடுகிறார்கள், உடைத்து அனுப்பினால் அவர்களுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் உடைத்தார். அப்புறம் நிமிர்ந்து, "அவங்களே உடைச்சிட்டா எங்களுக்கு வேலை இருக்குமா சாரே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை மக்கா. தங்கை மகன் டீ சொல்லியிருந்தான், அதைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. பேத்தி பெயரையும் எழுது.

உன் பழைய அறைத்தோழன்