கதிருக்கு, தீபாவளிக்கு முந்தின இரவு

எடிசன், நியூ ஜெர்ஸி
19-10-2025

அன்புள்ள கதிருக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இன்னும் ஞாயிறு இரவு. உனக்குத் திங்கட்கிழமை காலை ஆகி, தீபாவளியே விடிந்திருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா? தைவானில் கிடைக்கிற நல்லெண்ணெய் கறுப்பாக, வாசனை தூக்கலாக இருக்கும் என்று சொன்னாய். வறுத்து ஆட்டிய எண்ணெய் தலைக்கு ஆகாது. சாஸ்திரத்துக்கு உச்சியில் ஒரு சொட்டு வை, போதும்.

ஃபோனில் இங்கிலீஷில் பேசினால் என் வாயில் வரியும் இன்ஷூரன்ஸும்தான் வருகிறது, அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும். அவசரமில்லை, மெதுவாகப் படி.

அக்டோபர் 15 போய்விட்டதே, வரிக் கணக்கை அனுப்பிவிட்டாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். செப்டம்பர் தொடக்கத்தில் "இந்த வருஷம் நானே பண்ணிக்கிறேன்மா" என்று ஒரு வரி போட்டாய். நான் "சரி" என்று போட்டேன். அதற்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்ததெல்லாம் மூன்று படமும் ஒரு கட்டைவிரலும். கணக்கை அனுப்பியிருந்தால் நல்லது. ஆனால் வங்கிக் கணக்கு விஷயம் தனி, அதை மறக்காதே. அங்கே உனக்கு இருக்கிற கணக்குகள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாகப் பதிய வேண்டும். அது வரிப் படிவத்தோடு சேர்ந்து போகாது. போய்விட்டது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறவரை எந்த ஊரில் உட்கார்ந்து சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்டியாக வேண்டும்.

அப்பாவின் முழங்கால் தேவலை. அக்காவின் குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள், சோபாவைப் பிடித்துக்கொண்டு டல்லாஸ் முழுவதையும் சுற்றுகிறாள். மாமா திருநெல்வேலியில் ஆச்சி வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிவிட்டான். இதற்கு மேல் இங்கே சேதி இல்லை.

உன் ஸ்கூட்டருக்கு வருகிறேன். தைவானில் 2 கோடியே 30 லட்சம் பேர், சுமார் 1 கோடியே 40 லட்சம் இருசக்கர வண்டி என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பெரிய சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஸ்கூட்டர்காரர்கள் நேராகப் போய், எதிர்மூலையில் போட்டிருக்கிற கட்டத்துக்குள் நின்று, அந்தப் பக்கத்துப் பச்சை விளக்குக்குக் காத்திருக்க வேண்டும் என்று நீதான் விளக்கினாய். அதை ஒழுங்காகச் செய். யாரும் இல்லை, விடிகாலைதானே என்று குறுக்கே திரும்பாதே. மழையில் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதே. ஹெல்மெட் வாரைக் கழுத்தடியில் இழுத்துப் போடு. படத்தில் தொளதொளவென்று தொங்குகிறது.

பிள்ளை சொல்லிச் சொல்லித்தான் அந்த ஊர் எனக்குத் தெரியும். மாலையில் குப்பை வண்டி பியானோ இசையோடு வரும், பையைத் தூக்கிக்கொண்டு தெருவே ஓடும் என்பாய். மூலைக்கு மூலை இருக்கிற செவன் இலெவனில் கரண்ட் பில் கட்டி, ரயில் டிக்கெட்டும் எடுத்துக்கொள்வாயாம். சைவச் சாப்பாட்டுக் கடையில் தட்டை நிரப்பி எடையில் வைத்தால் எடைக்குத்தான் காசு, பௌத்தர் கடையானால் பூண்டு வெங்காயம்கூட இருக்காது என்று நீ சொன்ன அன்று, ஆச்சி இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன். உன் பள்ளியில் படிக்கிற அமிஸ் இனப் பிள்ளைகள் அம்மாவை 'இனா' என்றும் அப்பாவை 'மாமா' என்றும் கூப்பிடுகிறார்கள் என்றாயே, அப்பா அதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். 'என் மகன் ஹுவாலியனில் வாத்தியார்' என்று கடையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஃபோனில் வரைபடத்தை எடுத்துக் காட்டுகிறார்.

நானும் சொல்வேன். கூடவே, ஒரு வருஷத்துக்கு என்றுதான் போனான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். 2019 ஆகஸ்டில் நுவார்க் விமான நிலையத்தில் நீ சொன்ன வார்த்தை அது. ஒரு வருஷத்துக்குள் கொரோனா வந்தது, வாசலை அடைத்தார்கள், சரி. 2022 அக்டோபரில்தான் தனிமைப்படுத்தலை எடுத்தார்கள், அதுவும் சரி. அதற்கு அப்புறம் யார் அடைத்தார்கள்?

உன்னிடம் சொல்லாத ஒன்று. உன் வரிக் கணக்கு எனக்கு வெறும் கணக்காக இருந்ததில்லை. 12 மாதத்தில் 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால்தான் வெளிநாட்டுச் சம்பளத்துக்கான வரி விலக்கு கிடைக்கும். மீதி 35 நாள். நீ பாஸ்போர்ட் தேதிகளை அனுப்புவாய், நான் நோட்டில் எழுதுவேன். ஹனோய் 9 நாள், கியோத்தோ 6 நாள். ஹனோயிலிருந்து லுவாங் பிரபாங்குக்குப் படுக்கை பஸ்ஸில் ஒரு பகலும் ஒரு இரவும் மலைப்பாதையில் போனாயே, அந்த வருஷம் லாவோஸ் 8 நாள். (வியன்டியானிலிருந்து அங்கே 2021-லிருந்து ரயில் ஓடுகிறது. இன்னொரு தடவை போனால் விமானத்தில் வியன்டியான் போய் ரயிலைப் பிடி, அந்த பஸ் வேண்டாம்.) அந்தச் சட்டத்துக்கு நீ ஹனோயில் இருந்தாலும் ஒன்றுதான், கியோத்தோவில் இருந்தாலும் ஒன்றுதான். நம் வீட்டில் இருக்கிற நாள் மட்டும்தான் கணக்கில் குறையும். 2022-இல் 9 நாள். 2023-இல் 21. போன வருஷம் 6. 35-இல் 6, கதிர். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு 35-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எச்சரிக்கை சொல்கிறேன்.

போன வருஷம் அந்த ஊர் நிரந்தரக் குடியிருப்பு அட்டை வந்ததும், நாள் கணக்கு வேண்டாம்மா, வரிப் படிவத்தில் அங்கேயே நிலையாக வசிப்பவன் என்ற பகுதியை நிரப்பு என்றாய். எத்தனையோ பேருக்கு அந்தப் பகுதியை நிரப்பியிருக்கிறேன். உனக்கு நிரப்ப எனக்கு மூன்று நாள் ஆனது. என்றாவது திரும்பி வரும் எண்ணம் இருந்தாலும் அந்தப் பகுதி செல்லும், சட்டம் அதைத் தடுக்கவில்லை. சும்மா, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

குவாங்ஃபு ஊரில் நீ இருக்கிற படத்தை அக்கா காட்டினாள். போன மாதம் 23-ஆம் தேதி, ராகசா புயல் மழையில், மலைச்சரிவு அடைத்து உண்டான ஏரி நிரம்பி வழிந்து அந்த ஊருக்குள் புகுந்ததைச் செய்தியில் பார்த்தேன். ஹுவாலியன் என்ற பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உன் நகரம் இல்லை, தெற்கே தள்ளி என்று வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஊர் ஊராக ஜனங்கள் மண்வெட்டியோடு ரயில் ஏறி அங்கே போகிறார்கள் என்று அப்புறம் படித்தேன். அந்தக் கூட்டத்தில் நீயும் இருந்தது அக்கா சொல்லித்தான் தெரியும். முழங்கால் வரை சேறு, யாரோ ஒரு பாட்டியின் அடுக்களையிலிருந்து வாளியில் அள்ளி வெளியே கொடுக்கிறாய். இந்த வீட்டில் உன் அறையைக் கூட்ட நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி உன் கையைப் பார்த்தேன். உறை போட்டிருந்தாய். நல்லது. வெள்ளச் சேற்றில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவு, கீறல் இருந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்.

ஆனால் நீ என்னைக் கூப்பிடவில்லை.

2021 ஏப்ரலில் ஹுவாலியனுக்கு வடக்கே அந்த ரயில் தடம் புரண்டு 49 பேர் போனார்களே, அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டாய். எனக்கு விபத்து நடந்ததே தெரியாது. "நான் அதுல இல்லம்மா, டிவி பார்த்துப் பயப்படாதே" என்றாய். எது நடந்தாலும் நாங்கள் தேடுவதற்கு முன்னால் நீ கூப்பிட்டுவிடுவாய். இந்தத் தடவை மட்டும் இல்லை. இது ஏன் என்று உன்மேல் பத்து நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் எனக்கே தெரிந்தது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்தால், இதுவும் இன்னொரு வரி, இன்ஷூரன்ஸ் பேச்சாகத்தான் ஆகும்.

போன வருஷம் ஹுவாலியன் நிலநடுக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அக்கா வளைகாப்புக்கு வர முடியாது என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு ஒரே பிள்ளைதான் என்று நினைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்பாவிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஏப்ரல் 2, எட்டே கால் இருக்கும். அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன், ஃபோன் மேடையில் இருந்தது. உன் பெயர் வந்தது. நான் பார்த்தேன், கதிர். பார்த்துவிட்டுத்தான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. மாடியில் சார்ஜ் போட்டிருந்தேன், கேட்கவில்லை என்று அப்புறம் உன்னிடம் சொன்னது பொய்.

அரை மணி கழித்து அக்கா பதறிக்கொண்டு கூப்பிட்ட பிறகுதான் டிவியைப் போட்டேன். அங்கே காலை 7:58-க்கு ஆடியிருக்கிறது, 7.4 என்று இங்கே சொன்னார்கள், 25 வருஷத்தில் இதுதான் பெரியது என்றார்கள். ஹுவாலியனில் ஒரு சிவப்புக் கட்டடம் சாய்ந்து நிற்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதற்கு அப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? நீ எடுக்க 40 நிமிஷம் ஆனது. பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்திருந்தோம், ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றாய். "முதல்ல உனக்குத்தாம்மா அடிச்சேன்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தோன்றியது. சின்ன வயதிலிருந்தே என் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறவன் நீ.

அந்த வெள்ளிக்கிழமை இங்கேயே ஆடியது, ஞாபகம் இருக்கிறதா? 4.8-தான், காலை 10:23-க்கு. நம் வீட்டிலிருந்து 20 மைல் தொலைவில்தான் மையம். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் சலசலவென்று அடித்துக்கொண்டன. 31 வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், தரை ஆடி நான் பார்த்ததில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட இல்லை, கை உனக்குத்தான் அடித்தது. உனக்கு ராத்திரி பத்தரை. அதிர்வுகள் நிற்காமல் மூன்று நாளாகத் தூங்காமல் இருந்தவன், முதல் மணியிலேயே எடுத்தாய். "மேசைக்கு அடியில போம்மா, ஃபோனை வைக்காதே, நான் லைன்லயே இருக்கேன்" என்றாய். சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு 20 நிமிஷம் உன்னோடு பேசினேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாமல் ஒன்றரை வருஷம் உன் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன், நீ வரவில்லை, நீ பேசவில்லை என்று.

6 வருஷத்தில் நான் ஒரு நாள்கூட அங்கே வந்ததில்லை என்பதை என் நோட்டில் எங்கும் எழுதவில்லை. என் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம், 90 நாள் இருக்கலாம். வரிக் காலம், முழங்கால், வளைகாப்பு, பிரசவம் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் எனக்கும் இருந்தது.

ஜனவரிக் கடைசியில் உன் பள்ளிக்கு விடுமுறை விடும் அல்லவா? நான் வரட்டுமா? அப்பாவும் வருவார், இல்லாவிட்டால் நான் மட்டும். பிப்ரவரி 17 உங்கள் ஊர்ப் புத்தாண்டு, அந்த வாரம் ரயிலில் இடமே கிடைக்காது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னாலேயே வந்து திரும்பிவிட்டால் எனக்கும் வரி வேலை தொடங்கச் சரியாக இருக்கும். உனக்குத் தோது இல்லை என்றால் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். நிலநடுக்கத்தில் சேதமான தாரோகோ பள்ளத்தாக்கு முழுதாகத் திறக்கவில்லை என்றால் பரவாயில்லை, உன் பள்ளிக்கூடத்தையும் அந்த எடைச் சாப்பாட்டுக் கடையையும் காட்டு. என்ன கொண்டுவர என்று எழுது. புளியும் பெருங்காயமும் நீ எழுதாவிட்டாலும் வரும்.

எனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வை, நடு அளவு. உன் வண்டியில் ஒரு சின்ன மஞ்சள் ஹெல்மெட் மாட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த ஹெல்மெட்டுக்கு உரியவரும் அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தால், மூன்று பேரும் ஒரு வண்டியில் ஏற வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் முன்னால் போங்கள், நான் டாக்ஸியில் பின்னால் வருகிறேன். வாரை இழுத்துப் போடச் சொல்.

அன்புடன்,
அம்மா