செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சுக்கான் முடிந்தது, இறக்கை காத்திருக்கிறது

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சொந்தமாக விமானம் கட்டும் நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. மழையில் மலைப்பாதை அடைபட்ட நாட்களில் மேட்டுப்பாளையம் உறுப்பினர்களால் குன்னூருக்கு ஏறி வர முடியவில்லை. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். அவர் கேட்டால்தான் வசூலாகிறது என்பது பழைய அனுபவம்.

இந்த ஆண்டின் வேலை என்று சொல்லத்தக்கது ஒன்றே. நம் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டிவரும் இருவர் அமரும் அலுமினிய விமானத்துக்குச் சுக்கான், அதாவது வாலிலிருந்து விமானத்தை இடவலமாகத் திருப்பும் பலகை, செய்து முடித்தோம். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் வால் பகுதியில் தொடங்குவதே வழக்கம். பாகம் சிறியது, தகடு வீணானாலும் நட்டம் தாங்கும்.

தகடுகளை இணைக்க, ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பூட்டும் ஆணியான பாப் ரிவெட் போட்டால் ஒரே ஆள், ஒரே பக்கம், வேலை சுளுவு என்று ஒரு தரப்பு செயற்குழுவில் வாதிட்டது. பாப் ரிவெட்டுக்கென்றே வடிவமைத்த விமானங்கள் இருக்கின்றன, நன்றாகவும் பறக்கின்றன. ஆனால் நம் வரைபடம், இருபுறமும் ஆள் நின்று அடித்துப் பூட்டும் கெட்டி ரிவெட்டைக் கேட்கிறது. வரைபடத்தோடு பேரம் பேச நமக்கு உரிமை இல்லை என்று தலைவர் முடித்துவைத்தார். சரியான முடிவு.

ரிவெட் அடிக்கும் நேரம் சொற்பம். அதற்கு முந்தைய வேலைதான் மலையளவு. துளையிட வேண்டும், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு துளையிலும் இருபக்கப் பிசிறை எடுக்க வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும். பிசிறெடுக்கப் பெரிய டிரில் பிட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கூடுதலாகச் சுற்றினால் துளையின் விளிம்பே தேய்ந்துவிடும். மேல்தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர். தகட்டோடு சமமாகப் பதிய வேண்டிய ரிவெட்டின் கூம்புத் தலையோ சுமார் 0.9 மில்லிமீட்டர் ஆழம். கவுண்டர்சிங்க் போட்டால், அதாவது துளையின் வாயைக் கூம்பாகக் கடைந்தால், தலைக்கு இடம் கிடைப்பதற்குள் துளை அகன்றுபோகும். ஆகவே தகட்டைக் கடையாமல், டையை (அச்சை) வைத்து அழுத்திக் குழிக்கிறோம். அடியில் தகட்டைத் தாங்கும் சட்டமான ரிப்பையும் அதேபோல் குழித்தால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, இணைப்பு இன்னும் வலுவாகிறது. டையின் கோணம் 100 பாகை. கடைகளில் கிடைக்கும் 82, 90 பாகைக் கருவிகளைத் தயவுசெய்து யாரும் கொண்டுவர வேண்டாம்.

வெளியே, ரிவெட் அடிக்கும் காற்றழுத்தத் துப்பாக்கியைப் பிடிப்பவர் ஒருவர்; உள்ளே, மறுமுனையைத் தாங்கும் கனத்த உலோகக் கட்டியான டாலியைப் பிடிப்பவர் ஒருவர். டாலிக்காரருக்கு ரிவெட்டின் வால், அதாவது அடிபட்டுத் தட்டையாகும் உள்முனை, பெரும்பாலும் கண்ணில் படாது; கைதான் பார்க்கிறது. கரூரில் பஸ் பாடி கட்டிய நம் மூத்த உறுப்பினர் டாலியைப் பிடித்தபடி, ஒலி மாறுவதைக் கேட்டே ‘போதும்’ என்பார். அளந்து பார்த்தால் 2.4 மில்லிமீட்டர் ரிவெட்டின் வால் 3.6 அகலம், 1.2 உயரம் என்று கணக்காக இருக்கும். குறைவாக அடித்தால் பிடிப்பில்லை. அளவுக்கு மீறி அடித்தால் உலோகம் இறுகி விரிசல் விடும். துப்பாக்கி நழுவினால் தகட்டில் பிறை வடிவத் தழும்பு விழும், அது போகாது. சற்றே கோணலான ரிவெட்டைத் துளைத்தெடுக்கப் போய்த் துளையைப் பெரிதாக்குவதைவிட, அதை அப்படியே விட்டுவைப்பதே பல நேரம் மேல். இதை இளைஞர்களுக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது.

சுக்கானின் பின்விளிம்பு எங்களைச் சோதித்தது. ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் உலோகம் நீண்டு, விளிம்பு வாழைப்பழம்போல் வளையும். எனவே இங்கொன்றும் அங்கொன்றுமாக அடித்துப் பிறகு இடைவெளிகளை நிரப்பினோம். நேர்சட்டம் வைத்துப் பார்த்தோம். விளிம்பு நேராக இருக்கிறது.

குன்னூர் மூடுபனியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தகட்டின் இருபுறமும் உள்ள தூய அலுமினியப் பூச்சுதான் ஈரத்தால் தகடு அரிபடாமல் காக்கும் அரண்; கீறினால் அரண் உடைந்தது என்று பொருள். கொட்டகைக்குள் பென்சில் நுழையக் கூடாது என்பது இப்போது எழுதப்பட்ட விதி. கிராஃபைட் கோடு அலுமினியத்தை அரிக்கும். குறியிட மார்க்கர் பேனா மட்டுமே.

பள்ளி மாணவர்கள் வந்தபோது ‘ஏன் வெல்டிங் வைக்கவில்லை?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். வெப்பப் பதத்தால் பலம் பெற்ற கலவை இது, வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும் என்று விளக்கினோம். ‘அப்போது வெயிலில் நிறுத்தினால்?’ என்றாள். வெயிலின் சூடு அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனாலும் இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு வயது வந்ததும் சங்கத்தில் இடம் உண்டு.

கம்ப்ரசர் நிரம்ப நேரமாகிறது என்ற புகாருக்கு: 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரசர் மேல் தவறில்லை. சத்தம் குறித்து அண்டை வீட்டார் சொன்னதை மதித்து, மாலை ஆறு மணிக்குப் பின் ரிவெட் அடிப்பதில்லை என முடிவு செய்துள்ளோம். துப்பாக்கி, டாலி இரண்டையும் பிடிப்பவர்கள் காதடைப்பான் அணிவது கட்டாயம்.

அடுத்த ஆண்டு இறக்கை. மலைமேல் ஓடுபாதை இல்லாததால் இந்த விமானத்தின் முதல் பயணம் லாரியில், கொண்டையூசி வளைவுகள் வழியாகச் சமவெளிக்கு. இறக்கைகள் தனியே கழன்று வருவது நல்லதாயிற்று. லாரிக்காரரிடம் இப்போதே பேசிவைக்கத் துணைச் செயலாளரைக் கேட்டுக்கொண்டுள்ளேன்.

இரவல் போன வெள்ளி நிறக் கிளிகோக்கள் (ரிவெட் அடிக்கும் வரை துளைகளில் மாட்டும் தற்காலிகப் பிடிகள்) இன்னும் பல திரும்பவில்லை. இறக்கைத் தகட்டைப் பிடித்து நிறுத்த அவை வேண்டும். மாத இறுதிக்குள் ஒப்படைக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்
குன்னூர், நீலகிரி