முன்பணம் கொடுப்பதற்கு முன் படித்துவிடு

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உன் முந்தைய கடிதத்துக்கே பதில் பாக்கி இருக்கும்போது, இன்று அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீ அனுப்பியிருக்கும் பிஎம்டபிள்யூ எம்3 காரின் புகைப்படங்கள்தான். "கிடைப்பதற்கரிய வண்டி, யோசிக்க நேரமில்லை, சரி என்று ஒரு வார்த்தை எழுது" என்று கேட்டிருக்கிறாய். நிறத்தைப் பார்த்ததும் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாய் என்று உன் தங்கை அந்தக் காலத்திலேயே சொன்னது எவ்வளவு உண்மை! அந்த நீலம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீ கேட்ட ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை. ஏன் என்பதைச் சற்று நீளமாகவே சொல்லியாக வேண்டும்.

படங்களில் ஒன்று முன்சக்கரத்தை மிக நெருக்கத்தில் காட்டுகிறது. வீலில் ஒரு கீறல்கூட இல்லை என்று காட்டுவதற்காக எடுத்திருக்கிறார்கள். அதைப் பெரிதாக்கிப் பார். டயரின் பக்கவாட்டில், சிறிய நீள்வட்டத்துக்குள் 2309 என்று நான்கு இலக்கங்கள் தெரியும். 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர் என்பது அதன் பொருள். அந்த எண்ணைச் சுற்றி ரப்பர் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கிறது. ஆனால் தரையில் படும் பகுதியில் தேய்மானமே இல்லை. 2003-ஆம் ஆண்டு வண்டி, 2009-இல் டயர் மாற்றிய பிறகு சாலையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறது. ஆகவே மீட்டர் காட்டும் 11,000 கிலோமீட்டர் உண்மையாகவே இருக்கலாம். உன்னை மகிழ்விக்கும் அந்த எண்தான் என்னை அச்சுறுத்துகிறது.

ஓடாத வண்டி தேயாது என்பது பாதி உண்மை. பிஸ்டனும் பேரிங்கும் தேயாமல் இருக்கலாம். ரப்பருக்கும் ஆயிலுக்கும் வயது ஏறுவது கிலோமீட்டரால் அல்ல, ஆண்டுகளால். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மாற்றாமல் விட்டால், அந்த ஈரம், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் துருவாகி அதன் பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும். டேங்கில் தேங்கிய பெட்ரோல் நாளாக ஆகப் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும்; எத்தனால் கலந்தது என்றால் நீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆயில் சீல்கள் உலர்ந்து இறுகிப்போயிருக்கும் என்பதால், வாங்கிய அன்று சொட்டுக்கூட ஒழுகாத என்ஜின், நீ ஒழுங்காக ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில் நாலாபுறமும் ஒழுகும். ஓடாத வண்டி என்பதற்காக ஒருமுறை கூடுதலாகக் கொடுத்து, அதை ஓடவைப்பதற்காக இன்னொரு முறை கொடுக்கப் போகிறாய். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து ஓட்டத் தொடங்கியதும், நீ பணம் கொடுத்து வாங்கிய அந்தக் குறைந்த கிலோமீட்டர் நாளுக்கு நாள் கரையும். ஓட்டினால் மதிப்புப் போகும். ஓட்டாவிட்டால் வண்டியே போகும். இருபத்தைந்து ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் போகும் காரோடு இப்படியொரு இழுபறியில் வாழ உன்னால் முடியாது.

உன் அப்பா தம் காரை ஒரு வாரம்கூடச் சும்மா நிறுத்தியவர் இல்லை. நாம் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அவர் சாவியைத் தொட்டதில்லை. அவர் போன பிறகு அந்த வண்டி உறைக்குள் கிடந்து என்ன ஆயிற்று என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைப் பற்றி மேலே எழுதக் கை வரவில்லை.

எம்3 வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஈ46 எனப்படும் இந்தத் தலைமுறை எம்3 அருமையான கார். 3.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி த்ராட்டில், டர்போ எதுவும் இல்லாமல் 7,900 சுற்றில் 343 குதிரைத்திறன். ஆர்பிஎம் மீட்டரின் ஓரத்தில் வரிசையாக எரியும் சிறு விளக்குகள், ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து, இனி இத்தனை சுற்று வரை போகலாம் என்று அனுமதி தருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குறைகளும் தெரிந்த குறைகளே. முதல் சில ஆண்டுகளில் தயாரான வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கனெக்டிங் ராட் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தார்கள். வேனாஸ் எனப்படும், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு தேயும். எல்லாவற்றையும்விடப் பெரியது, பின் ஆக்சில் சட்டத்தைத் தாங்கும் அடித்தகடு விரிசல் விடுவது. டிக்கிக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, மவுண்ட் போல்ட்டுகளைச் சுற்றியும் ஸ்பாட் வெல்டுகள் மேலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உனக்கு எம்3-தான் என்றால், 1,00,000 கிலோமீட்டர் ஓடி, அடித்தகடு வெல்டிங் வைத்து வலுப்படுத்தப்பட்டு, பேரிங் மாற்றிய பில்லும் கையில் இருக்கும் ஒன்றைத் தேடு. 85,000-க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். இது போனால் வேறில்லை என்று யாரும் உன்னை அவசரப்படுத்த முடியாது.

இனி என் செய்தி. கடைசிவரை வைத்துக்கொள்ள எந்தக் காரை வாங்குவது என்று நானும் முடிவெடுத்துவிட்டேன். அது ஹோண்டா என்எஸ்எக்ஸ் அல்ல என்று படித்ததும் நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாய் என்று தெரியும். ஹாஸ்டல் அறைச் சுவரில் பதினைந்து பேர் கண்படும்படி எந்தப் படத்தை ஒட்டிவைத்திருந்தேன் என்பதை மறக்கக்கூடியவனா நீ! அந்தக் காரை இன்றும் அப்படியே நேசிக்கிறேன். முழு உடலையும் அலுமினியத்தில் செய்த துணிவு, டைட்டானியம் கனெக்டிங் ராட், 8,000 சுற்று வரை தயங்காமல் ஏறும் வி6, இன்னும் இறுக்கம் வேண்டும் என்று சுசுகா பந்தயத் தளத்தில் கார்ப்பந்தய வீரர் அயர்டன் சென்னா சொன்ன பிறகு உடலை மேலும் கெட்டிப்படுத்திய பொறுப்புணர்ச்சி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு போர்விமானத்தைப் போல நாலாபுறமும் தெரியும் சாலை: எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொடக்கக் காலத்தில் வந்த, ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸ்களில் ஸ்நாப் ரிங் என்ற பிடிப்பு வளையம் உடையும் குறை உண்டு. அதைத் தவிர அந்த என்ஜினையும் கியரையும் நம்பலாம். டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் மாற்ற என்ஜினை இறக்க வேண்டியதும் இல்லை.

இருந்தும் ஏன் விட்டேன்? 1990 முதல் 2005 வரை, அத்தனை ஆண்டுகளிலும் சேர்த்தே ஏறக்குறைய 18,000 கார்கள்தான் தயாராயின. என்ஜின் நம்மைக் கைவிடாது. ஆனால் ஒரு மூலைக் கண்ணாடி, ஒரு விளக்குக் கூண்டு, ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெபாசிட்டர் ஒழுகிக் கெட்டுப்போகும் ஒரு சர்க்யூட் போர்டு என்று சின்னச் சின்னப் பொருள்களுக்காக வண்டி மாதக்கணக்கில் காத்து நிற்கும். அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்பது பெரிய வரம்தான். ஆனால் யாராவது பின்னாலிருந்து ஒரு முட்டு முட்டிவிட்டால், அலுமினியத்தை நீட்டி நேராக்கிப் பற்றவைக்கத் தெரிந்த கைகளைத் தேடி அலைய வேண்டும். அந்தக் கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறையுமே தவிரப் பெருகாது. ஒரு காரை இரண்டு ஆண்டு வைத்திருந்து விற்பவனுக்கு இது கவலையில்லை. கடைசிவரை வைத்திருப்பவன் காரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அதைப் பழுதுபார்க்கும் மனிதர்களையும், அதற்கு உதிரிபாகம் செய்துகொண்டிருப்பவர்களையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

எனவே போர்ஷே 911. கரெரா 3.2, அதிலும் 1987 முதல் 1989 வரையிலான ஜி50 கியர்பாக்ஸ் வந்த மாடல். அதற்கு முந்தைய 915 கியர்பாக்ஸைவிட அதில் கியர் விழுவது துல்லியம், கிளட்ச்சும் ஹைட்ராலிக். 231 குதிரைத்திறன் என்றால் நீ உதட்டைப் பிதுக்குவாய். உன் எம்3-ஐவிட 112 குறைவு, ஆம். ஆனால் ரேடியேட்டர் இல்லை, கூலன்ட் குழாய்கள் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. காற்றாலும் ஆயிலாலும் குளிரும், செயினில் ஓடும் என்ஜின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்களுக்கு இந்த 3.2-இல்தான் ஆயில் அழுத்தம் கொடுத்துப் பழைய தொல்லையைத் தீர்த்தார்கள். ஆயில் அளவைக்கூட என்ஜின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஐட்லில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். உன் அப்பாவுக்கு இது வியப்பாக இருந்திருக்கும். இதுவரை தயாரித்த கார்களில் பத்துக்கு ஏழு இன்னும் சாலையில் இருப்பதாகப் போர்ஷே சொல்கிறது. இத்தனை கார்கள் உயிரோடு இருக்கும்வரை அவற்றுக்கு ஒரு ரப்பர் புஷ்ஷையோ ஒரு கதவுச் சீலையோ செய்து விற்பவர்களும் இருப்பார்கள். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

அதற்கும் நோய்கள் உண்டு. வால்வைத் தாங்கும் வால்வு கைடு தேய்ந்து என்ஜின் ஆயில் குடிக்கும். என்ஜின் மேலே ஓடும் பழைய பெட்ரோல் குழாய்கள் வெடித்துத் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. ஆகையால் வாங்கியதும் முதல் வேலை, எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களைப் போடுவது. 1976 மாடல் முதல் துத்தநாகம் பூசிய தகடு என்றாலும் துரு வராமலில்லை. முன்பக்கப் பேட்டரிக்கு அடியிலும், ஹெட்லைட் கிண்ணத்திலும், கதவுப் பூட்டு வந்து சேரும் தூணின் அடியிலும் அது ஓசையில்லாமல் தின்னும். என்ஜினை எந்த நிலையிலும் பிரித்துக் கட்டிவிடலாம். தின்று முடித்த உடலைக் கட்டுவது புதிய கார் செய்வதற்குச் சமம். துருவில்லாத உடலும் களைத்த என்ஜினும் உள்ள வண்டியா, மினுக்கும் என்ஜினும் புதுப் பெயின்ட்டும் உள்ள வண்டியா என்றால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பேன்.

டொயோட்டா சுப்ரா, நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இரண்டையும் ஏன் பட்டியலிலிருந்து அடித்தேன் என்று கேட்டிருந்தாய். கார்களில் குறையில்லை, யாரும் கை வைக்காத ஒன்று கிடைப்பது அரிது, அவ்வளவுதான். பெரிய டர்போ போட்டு, கம்ப்யூட்டரை மாற்றி, பிறகு பழையபடி ஆக்கியதாகச் சொல்லி விற்கும் வண்டியின் உள்ளே என்ன பாடு பட்டிருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? லான்சியா டெல்டா இன்டக்ரேல் கார் மீது உனக்குள்ள பாசத்தை நேரில் பேசிக்கொள்வோம்.

நீ செய்ய வேண்டியது இது. விற்பவரிடம் பணிவாகச் சொல்லி, வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பின் அடித்தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல். பிரேக் ஆயிலும் என்ஜின் ஆயிலும் கடைசியாக மாற்றிய பில்லைத் தேதியோடு கேள். தயங்கினால் அதுவே பதில். இவை வராமல் முன்பணம் கொடுக்காதே. வரும் சனிக்கிழமை நான் ஒரு 87-ஆம் வருட கரெராவைப் பார்க்கப் போகிறேன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது, பில்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றனவாம். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி உன்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடு. எம்3 பற்றிய சண்டையையும் அன்றே முடித்துக்கொள்ளலாம்.

என்றும் உன்
அன்பு நண்பன்