யாருங்க இந்த தர்மாம்பாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளிர் தினச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, கல்பனா சாவ்லா என்று எல்லாருமே போற்ற வேண்டியவர்கள்தான். ஆனால் போன வருஷமும் இவர்களேதான், அதற்கு முந்தின வருஷமும் இவர்களேதான். எனக்கோ வேறொரு பெயர் சில மாதங்களாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வடசென்னையில் ஒரு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிந்து கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு நாள் மதியம் ஒரு பெண் வந்தார், முப்பது வயசுக்குள்தான் இருக்கும். பிளாஸ்டிக் கவரிலிருந்து முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ், மறுமணப் பத்திரிகை, ஆதார் அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இறப்புச் சான்றிதழை மட்டும் நாலாக மடித்திருந்தார். ஸ்கேன் செய்ய நான்தான் நீவிக் கொடுக்க வேண்டியிருந்தது. திரையில் திட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, யாருங்க இந்த தர்மாம்பாள் அம்மையார்? டாக்டர்னு போட்டிருக்கே, எந்த ஆஸ்பத்திரி?"

எனக்குத் தெரியவில்லை. விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தின் தலையில் இருக்கும் அந்தப் பெயரை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்தவருக்கும் தெரியவில்லை. "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை ஸ்கேனரில் வைத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் விடுமுறை நாட்களில் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். தர்மாம்பாள் 1890-ல் தஞ்சாவூரை ஒட்டிய கருந்தட்டான்குடியில் பிறந்தவர். சித்த வைத்தியம் கற்றுக்கொண்டு சென்னைக்கு வந்து வைத்தியம் பார்த்தார். 'டாக்டர்' வந்தது அப்படித்தான். 1938 நவம்பர் 13-ம் தேதி சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வை இனி 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். நாம் தினமும் சொல்கிற அந்தப் பெயரைக் கொடுத்தது பெண்கள் கூடிய ஒரு சபை. இது எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

அதை முன்னின்று நடத்தியவர்களில் தர்மாம்பாளும் ஒருவர். மாநாடு முடிந்த மறுநாளே மின்ட் தெரு என்கிற தங்கசாலைத் தெருவில் இந்து தியாலஜிகல் பள்ளிக்கு முன்னால் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். தர்மாம்பாள், மூவலூர் ராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் என ஐந்து பெண்கள். சீதம்மாள் தர்மாம்பாளின் மருமகள். சின்னக் குழந்தைகளோடு சிறைக்குப் போனவர். நான் மின்ட் தெருவில் பாத்திரம் வாங்க அடிக்கடி போகிறவள். மாமியாரும் மருமகளும் கைக்குழந்தையோடு போலீஸ் வண்டி ஏறிய தெரு அது என்று இத்தனை நாள் தெரியாமல் நடந்திருக்கிறேன்.

1940-களில் தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். அதைக் கண்டித்து தர்மாம்பாள் அறிவித்த போராட்டத்தின் பெயர் 'இழவு வாரம்'. அமங்கலமான சொல் என்று ஒதுக்கி வைக்கிறதையே எடுத்து ஆட்சியாளர்கள் முன்னால் வைத்தார். சம்பளத்தைச் சமமாக்க அரசு ஒத்துக்கொண்டது. இன்றைக்குத் தமிழ் எடுக்கும் டீச்சர்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 1959-ல் அவர் காலமானார்.

அவரைத் தேடப் போன இடத்தில் இன்னும் இரண்டு பேரைப் பார்த்தேன். ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் கடலைப் பார்த்தபடி விவேகானந்தர் இல்லம் இருக்கிறதல்லவா? அங்கே ஒரு காலத்தில் பால்ய விதவைகள் தங்கிப் படித்தார்கள். நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி, அவரே சிறுமியாக இருக்கும்போது கணவனை இழந்தவர். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே எழும்பூரில் தன் வீட்டில் நாலு விதவைச் சிறுமிகளை வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். கூட நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவைதான். இன்னொருவர் அ. லலிதா. பதினெட்டு வயசில் கைக்குழந்தையோடு விதவையாகி, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானவர். ஆண்பாலில் அச்சடித்திருந்த பட்டச் சான்றிதழில் அதை அடித்துவிட்டுப் பேனாவால் பெண்பாலாக்கிக் கொடுத்தார்களாம்.

விதவை என்றால் மூலையில் உட்காரவைத்த காலத்தில் இதே ஊரில் இவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

பெயர் வைத்தால் மட்டும் போதாது ஐயா. எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை என்று பலகை இருக்கிறது. அவர் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர், 1946-ல் சென்னை மாகாண அமைச்சரானவர். நம் வாயிலோ இன்னும் மார்ஷல்ஸ் ரோடுதான். பலகையின் கீழே இரண்டு வரி இருந்தால் சிக்னலில் நிற்கிறவர்களாவது படிப்பார்கள். அதேபோல் தர்மாம்பாள் திட்டத்தில் எட்டு கிராம் தங்க நாணயம் கொடுக்கிறார்கள். அதோடு அவருடைய படமும் நாலு வரியும் அச்சடித்த ஒரு அட்டையையும் சேர்த்துக் கொடுக்கலாம். அரசுக்கு இது பெரிய செலவே இல்லை.

என்னால் முடிந்தது, அரைத்தாளில் தர்மாம்பாளைப் பற்றிக் கையால் எழுதி என் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் படிக்கிறார்கள். ஒரு பாட்டி பேத்தியை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வாரம் ஒரு பெண்மணியைப் பற்றி நீங்கள் அரைப் பக்கம் போட்டால் அதையும் வெட்டி ஒட்டுவேன். கண்ணாடியில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39