கருஞ்சிறுத்தையின் புள்ளிகள்

கிள்ளான்

அன்பு மணியம்,

உன் பேரன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இத்தனை நாளும் காட்டில் இருந்தேன்.

என் இளையவள் பல்கலைக்கழகத்தில் காட்டு விலங்கு ஆய்வு செய்கிறாள் அல்லவா? திரங்கானுவில் கெனிர் ஏரியைத் தாண்டிய காட்டில் அவர்கள் குழு கேமரா கட்டியிருக்கிறது. வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேனே, உடனே கிளம்பிவிட்டேன்.

கூண்டு, வலை எதுவும் கிடையாது. மரம் ஏற்றிய லாரிகள் போன பழைய பாதையில்தான் புலியும் சிறுத்தையும் நடக்குமாம். அந்தப் பாதையோரம் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே இரண்டு கேமரா. சூடான உடம்பு ஒன்று குறுக்கே போனால் தானாகவே படம் எடுத்துவிடும். புலிக்கு இடப்பக்கக் கோடு வேறு, வலப்பக்கக் கோடு வேறு. இரண்டும் கிடைத்தால்தான் ஒவ்வொன்றையும் பிரித்து எண்ண முடியும்.

சிறுத்தைதான் சிக்கல். நம் தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. படத்தில் எல்லாம் ஒரே மாதிரி கரிக்கட்டையாகத் தெரிந்தால் எப்படி எண்ணுவது? இதே கெனிர் பக்கம் ஆய்வு செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து 2015-இல் எழுதினார்கள். கேமராவில் வெளிச்சத்தை அறியும் சின்னக் கண் ஒன்று இருக்கிறது. அதை மூடிவிட்டால், பட்டப்பகலிலும் இரவு என்று எண்ணிக்கொண்டு அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும். அந்த ஒளியில் கறுப்புக்கு அடியில் இருக்கும் புள்ளிகள் வெளியே வந்துவிடும். அப்படி எண்ணித்தான் 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3 சிறுத்தை என்று கணக்குச் சொன்னார்கள்.

முகாமில் மகள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். வெளியே மழை. நனைந்த துணியில் உள்ளே இருக்கும் பூ வேலை தெரியும் பார், அப்படி ஒரு சிறுத்தையின் விலா முழுக்க வளையம் வளையமாகப் புள்ளி. "அப்பா, இவளைப் போன மாதமும் பார்த்தோம்" என்றாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை, மூன்றாவது கேமராவுக்குப் போகும் வழியில், முன்னால் போன பூர்வகுடித் தம்பி கையை நீட்டி எங்களை நிறுத்தினார். இலைச் சருகுக்குள் ஒரு கம்பி வளையம். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரிதான் இருந்தது. மறுமுனையை வளைத்து வைத்த இளமரத்தில் கட்டியிருந்தார்கள். கால் பட்டால் மரம் நிமிரும், கம்பி இறுகும். மான், பன்றி, கரடிக்குட்டி, புலி, எதுவானாலும் சரி, கம்பிக்குப் பேதம் தெரியாது.

மணியம், அந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. தோட்டத்தில் உன் அப்பா நமக்குச் சொல்லிக் கொடுத்த அதே முடிச்சு. அப்போது நம் லய வீடுகளுக்குப் பின்னாலேயே புலி உறுமும். 1950-களில் இந்த நாட்டில் 3,000 புலி இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை காடு முழுக்கக் கேமரா கட்டிப் பார்த்ததில் 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. நாட்டுச் சின்னத்திலேயே இரண்டு புலி நிற்கிறது. காட்டில் இவ்வளவுதான்.

உன் லெங்கோங் செம்பனைத் தோட்டத்து வேலியோரம் காட்டுப்பன்றிக்குக் கம்பி வைத்திருப்பதாகப் போன தீபாவளிக்குச் சொன்னாய். பன்றி செம்பனைக் கன்றுகளைத் தின்றுவிட்டால் உனக்கு எவ்வளவு நட்டம் என்று எனக்குத் தெரியும். 2022-இல் வனவிலங்குச் சட்டம் கடுமையாகிவிட்டது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. உன் வேலிக்கு அந்தப் பக்கம் மலைக்காடு. அங்கிருந்து வருவது பன்றி மட்டும் இல்லையே, பன்றியைத் தேடிப் புலியும் வருமே.

கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கலாம், செலவில் பாதி என்னுடையது. வரும் பள்ளி விடுமுறையில் மகளோடு வருகிறேன். கம்பி வெட்டும் குறடு அவளிடம் இருக்கிறது. எங்கெங்கே வைத்தாய் என்று அதற்குள் ஞாபகப்படுத்தி வை, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்