கால் எழாத கனவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதபடி சொன்ன கனவு சாமம் முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. வெள்ளவத்தை ஸ்டேசன் வாசலில் அப்பா விழுந்து கிடக்கிறார், நீ ஓடப் பார்க்கிறாய், கால் எழவில்லை, கூப்பிடக் குரலும் வரவில்லை. இது கெட்ட சகுனமோ என்று கேட்டாய். இல்லை பிள்ளை. அப்பா இப்போதுதான் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு பேப்பர் பார்க்கிறார்.

நாங்கள் கனவு காணும்போது மூடிய இமைக்குள் கண்மணி ஓடிக்கொண்டே இருக்கும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் அதை எழுதி வெளியிட்டார்கள். அந்த நேரம் மூளையே கை கால் தசைகளைக் கட்டிப் போட்டுவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலால் எழும்பி ஓடிவிடுவார். சில வேளை கட்டு அவிழ முதலே முழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது. அம்மம்மா அதைத்தான் பேய் அமுக்குது என்று சொல்லி என் தலையணைக்குக் கீழே பாக்குவெட்டி வைத்தவ. நித்திரை குறைந்தாலும் மல்லாந்து படுத்தாலும் அது கூடுதலாக வரும். நீயும் ஒரு கிழமை இரவு, ஒரு கிழமை பகல் என்று வேலை செய்கிறாய்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழரைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு எனக்கும் இதே கனவு. அப்போது 15 வயது. தெருவில் சத்தம் கேட்கும், மாடிப்படி இறங்க வேண்டும், கால் இறங்காது. ஆனால் உண்மையில் அன்றைக்கு நான் இறங்கி ஓடினவள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களை உள்ளே வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார். ஓடித் தப்பினவளுக்கே அந்தக் கனவு வருடக்கணக்காக வந்ததென்றால், உனக்கு வந்ததை உன் குற்றமாக எடுக்கலாமா?

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதை நீ இன்னும் சுமக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. கனவில் எழாத கால் அதுதான். நீ வராததால் அப்பாவுக்கு ஒரு குறையும் வரவில்லை, சரியா? ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கதைத்தது நீதான். உன் குரலைக் கேட்டபிறகுதான் அவர் கஞ்சி குடித்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கால் வழங்காதவர்கள் பலர் கனவில் நடக்கிறார்கள். பிறந்ததிலிருந்து நடக்காதவர்கள்கூட நடப்பதாகக் கனவு கண்டிருக்கிறார்கள், அதை ஆராய்ந்தும் எழுதியிருக்கிறார்கள். இன்று விடிய அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: கனவில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு காலிமுகத்திடலில் கடைசி வரை நடந்தாராம். நீ இறால் வடை கேட்டு அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தாயாம். சொல்லச் சொல்ல இடது கால் பெருவிரல் மெல்ல அசைந்தது, நான் பார்த்தேன்.

இன்றைக்குச் சரிந்து படு. எழும்பினதும் எடு, அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா