வடிகட்டி நீக்கப்படாத அகச்சிவப்புக் கேமரா: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மாதம் தங்கள் நிறுவனத்திடமிருந்து, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் பொருத்துவதற்காக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத கேமரா ஒன்றையும் 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு எல்.ஈ.டி விளக்குகள் 12ஐயும் 148 வெள்ளிக்கு வாங்கினேன். விளக்குகளில் குறையில்லை. 850 நானோமீட்டர் விளக்கு இருட்டில் மங்கிய சிவப்புப் பொட்டாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் 940ஐக் கேட்டிருந்தேன், கேட்டபடியே வந்தது. கேமராதான் நான் கேட்டது அல்ல.

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லைக்காகக் கூகைகளுக்குப் பெட்டி கட்டிவைத்திருக்கிறோம். டார்ச் அடித்தால் தாய்ப்பறவை பறந்துவிடுவதால், அதற்குத் தெரியாமல் குஞ்சுகளை எண்ணுவதற்குக் குறைந்த செலவில் நானே ஒரு கேமரா செய்யலாம் என்று இறங்கினேன். கேமராவிலுள்ள சிலிக்கான் உணரி ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரையிலான ஒளியை உணரும் என்பதும், படத்தின் நிறம் கெடாமலிருக்கச் சாதாரணக் கேமராவில் அதன் முன்னே மெல்லிய கண்ணாடி வடிகட்டி வைத்து அகச்சிவப்பைத் தடுக்கிறார்கள் என்பதும் இதை விற்கும் தாங்கள் அறியாததல்ல.

பகல் வெளிச்சத்தில் முதல் படத்தை எடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பச்சை இலைகள் அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி வீசுவதால், வடிகட்டி இல்லாத கேமராவில் செம்பனை ஓலை இளஞ்சிவப்பேறித் தெரியவேண்டும். தாங்கள் அனுப்பியதிலோ ஓலை ஓலையாகவே, நல்ல பச்சையாக இருந்தது. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே செந்நிறப் பளபளப்பும் தெரிகிறது. இரவில் 12 விளக்குகளையும் ஏற்றி, இரண்டடி தூரத்துச் சுவரைப் படமெடுத்தேன்; வெறும் கறுப்பு.

இதற்குத் தங்கள் ஊழியர் அளித்த பதில்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால் வெளிச்சம் தெரிகிறது, ஆகவே கேமரா சரியானதே என்றார். வடிகட்டி அகச்சிவப்பு ஒளியை முழுமையாகத் தடுப்பதில்லை. நேருக்கு நேர் பிடித்தால் பல கைப்பேசிகளிலும் ஊதாப்புள்ளி ஒன்று தெரியத்தான் செய்யும். அதை வைத்து வடிகட்டி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? வேண்டுமானால் கண்ணாடியை நானே பெயர்த்து எடுத்துவிடலாம் என்றும், ஆனால் லென்ஸைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்றும் அவரே ஒரே மூச்சில் சொன்னார். ஒட்டியிருக்கும் அக்கண்ணாடியைப் பெயர்க்கையில் உணரியில் கீறல் விழலாம். விழாவிட்டாலும் குவியம் மாறிவிடும். அந்த வேலை வேண்டாம் என்றுதானே விலை கொடுத்து வாங்கினேன்?

ஆகவே, 14 நாட்களுக்குள் விளம்பரத்தில் கண்டபடியான கேமராவைத் தங்கள் செலவில் அனுப்பிவைக்க வேண்டும், அல்லது கேமராவுக்குரிய 96 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். பழைய கேமராவைக் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். தவறினால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஓலைப் படம், சுவர்ப் படம்